தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள்: பணப்பெட்டிக்குக் காப்பீடு, காவலருக்கு வழக்கு

புது தில்லி: கர்நாடக மாநிலம் பீதரில் 2025 ஜனவரி 16-ஆம் தேதி, ஏ.டி.எம். இயந்திரத்தில் நிரப்புவதற்காகப் பணம் கொண்டுவந்த தனியார் நிறுவன ஊழியர்களை, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பட்டப்பகலில் சுட்டனர். ஒருவர் உயிரிழந்தார், மற்றொருவர் படுகாயமடைந்தார். பணப்பெட்டி பறிபோனது. பத்து மாதங்கள் கழித்து, நவம்பர் 19-ஆம் தேதி, பெங்களூரில் ரிசர்வ் வங்கி அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டு வந்த கும்பல், பணம் ஏற்றிச் சென்ற வேனை மறித்து ரூ. 7.11 கோடியைக் கொண்டு சென்றது. பெரும்பகுதித் தொகை மீட்கப்பட்டது. கைதானவர்களில் போலீஸ்காரர் ஒருவரும், பணம் கொண்டு செல்லும் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவரும் இருந்தனர்.

இத்தகைய சம்பவங்களுக்குப் பிறகு இரண்டு இழப்பீட்டுக் கோரிக்கைகள் எழுகின்றன. ஒன்று, பறிபோன பணத்துக்கானது. மற்றொன்று, வீழ்ந்த மனிதருக்கானது. முதல் கோரிக்கைக்காகக் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் தாமாகவே வருவார். இரண்டாவது கோரிக்கைக்காக, இறந்தவரின் மனைவி அலுவலகம் அலுவலகமாகச் செல்ல வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாடு தற்செயலானதல்ல. பாதுகாப்புத் தொழிலை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்திலிருந்தே அது தொடங்குகிறது.

உரிமத்துக்குக் காப்பீடு தேவையில்லை:

வணிக வளாகம், வங்கி, மருத்துவமனை, அடுக்குமாடிக் குடியிருப்பு, அரசு அலுவலகம் என எங்கு நோக்கினும் சீருடை அணிந்த தனியார் காவலர் நிற்கிறார். நாட்டிலுள்ள போலீஸாரைவிட இவர்களின் எண்ணிக்கை அதிகம் என்று இத்தொழிலில் உள்ளவர்கள் நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர். இவர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்காக 2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் இயற்றப்பட்டு, 2006 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

ஒரு மாவட்டத்தில் மட்டும் தொழில் நடத்த ரூ. 5 ஆயிரம், ஐந்து மாவட்டங்கள் வரை ரூ. 10 ஆயிரம், மாநிலம் முழுவதற்கும் ரூ. 25 ஆயிரம் எனக் கட்டணம் நிர்ணயித்தது இச்சட்டம். உரிமம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். காவலரின் வயது 18-க்கும் 65-க்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். அவரது குணநலனும் முன்வரலாறும் சரிபார்க்கப்பட வேண்டும். வகுப்பறையில் 100 மணி நேரமும் களத்தில் 60 மணி நேரமும் பயிற்சி தர வேண்டும் என 2006-ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகள் கூறின. உரிமமின்றித் தொழில் நடத்தினால் ஓராண்டு வரை சிறை.

இத்தனை நிபந்தனைகள் இருந்தும், காவலருக்கோ, காவல் காக்கப்படும் சொத்துக்கோ, வழியில் செல்லும் மூன்றாம் நபருக்கோ நேரும் பாதிப்புக்காக நிறுவனம் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் எங்கும் சொல்லவில்லை. சாலையில் ஓடும் இருசக்கர வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு இல்லையென்றால் மோட்டார் வாகனச் சட்டம் விடுவதில்லை. அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்கு 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. துப்பாக்கி ஏந்திய ஆள்களை நெரிசலான தெருக்களுக்கு அனுப்பும் தொழிலுக்கு மட்டும் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பாதுகாப்பு நிறுவனம் உரிமம் பெற வேண்டுமென்றால் பத்து லட்சம் டாலருக்கான பொறுப்புக் காப்பீட்டைக் காட்டியாக வேண்டும். பிரிட்டனில், தொழிலாளிக்கு நேரும் காயத்துக்காக முதலாளி காப்பீடு எடுப்பதை 1969-ஆம் ஆண்டுச் சட்டமே கட்டாயமாக்கிவிட்டது.

வாடிக்கையாளரின் நிர்பந்தம்:

சட்டம் கேட்காவிட்டாலும் வாடிக்கையாளர் கேட்கிறார். வங்கியோ பெரிய நிறுவனமோ பாதுகாப்பு ஒப்பந்தம் போடும்போது, காவலரின் கவனக்குறைவாலோ நேர்மையின்மையாலோ ஏற்படும் இழப்பை ஏஜென்சியே ஈடுசெய்ய வேண்டும் என்ற ஷரத்தைச் சேர்ப்பது வழக்கம். ஆகவே பெரிய ஏஜென்சிகள் பல பாலிசிகளை வாங்கி வைத்திருக்கின்றன. பணம் கொண்டு செல்லும்போது நேரும் இழப்புக்கு ஒன்று. ஊழியரே கையாடல் செய்தால் பயன்படும் "ஃபிடிலிட்டி கேரண்டி" எனும் நாணய உத்தரவாத பாலிசி ஒன்று. பொதுமக்களுக்கு நேரும் பாதிப்புக்கான பொறுப்புக் காப்பீடு மற்றொன்று.

இவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளிகள்தான் கவனிக்கத்தக்கவை. கன்னம் வைத்துத் திருடுவதற்கு எதிரான பாலிசியில் பணம் பெற வேண்டுமானால், பலத்தைப் பயன்படுத்தி உள்ளே நுழைந்ததற்கான தடயம் இருக்க வேண்டும் என்று, ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் 2004-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒடிஸா அரசு நிறுவனம் ஒன்றின் வழக்கில் 2016-இலும் அதே நிலைப்பாடு உறுதிப்படுத்தப்பட்டது. பூட்டை உடைக்காமல், தன்னிடமுள்ள சாவியைக் கொண்டு காவலரே கதவைத் திறந்து பொருளை எடுத்துச் சென்றால், பாலிசியின் மொழியில் அது கன்னக்களவு ஆகாது. அதற்கு நாணய உத்தரவாத பாலிசி தனியே இருக்க வேண்டும். அதிலும் எந்த ஊழியர் செய்தார் என்பதும், எந்தக் காலத்துக்குள் கண்டறியப்பட்டது என்பதும் கேள்விகளாக வரும். 2015 நவம்பரில் தில்லியில், உடன் வந்த காவலர் இறங்கிய நேரத்தில் வேன் ஓட்டுநர் ரூ. 22.5 கோடியுடன் மறைந்தார். மறுநாளே பணம் ஏறத்தாழ முழுவதும் மீட்கப்பட்டதால், அந்த இழப்பை எந்த பாலிசியில் சேர்ப்பது என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. எல்லா ஓட்டுநர்களும் அவ்வளவு சீக்கிரம் பிடிபடுவார்கள் என்று எந்தக் காப்பீட்டு நிறுவனமும் கணக்குப் போட முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வாடிக்கையாளருக்கு இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனம், அவரது இடத்தில் தான் நின்று, இழப்புக்குக் காரணமானவர் மீது வழக்குத் தொடுக்கலாம். 1998 ஆகஸ்டில் தில்லி தாஜ் மஹால் ஹோட்டலில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். விருந்தினர் ஒருவர் தமது மாருதி ஜென் காரின் சாவியை ஹோட்டல் ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே சென்றார். வேறொரு இளைஞர் மேஜையிலிருந்த சாவியை எடுத்து வண்டியைக் கிளப்பினார். வெளியே நின்ற பாதுகாவலர் பார்க்கிங் சீட்டைக் கேட்டார். வண்டி நிற்காமல் பறந்தது. உரிமையாளருக்கு ரூ. 2.80 லட்சம் கொடுத்த காப்பீட்டு நிறுவனம், அவருடன் சேர்ந்து ஹோட்டல் மீது வழக்குத் தொடுத்தது. "வண்டியை நிறுத்துவது உரிமையாளரின் பொறுப்பில்" என்று சீட்டில் அச்சிட்டுவிட்டால் மட்டும் தப்பிக்க முடியாது என 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு சிறிய காருக்கான வழக்கு முடிய 21 ஆண்டுகள் ஆயின. வாசல் காவலை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கும் இடங்களில் இத்தகைய தீர்ப்பின் சுமை, ஒப்பந்த ஷரத்து வழியாக ஏஜென்சியின் தலையில்தான் வந்து விழும். வங்கி லாக்கர்களிலும் அப்படித்தான். கொள்ளை, திருட்டு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால், ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்று 2021-இல் ரிசர்வ் வங்கி கூறிவிட்டது.

பொருளுக்கான காப்பீட்டில் இவ்வளவு ஓட்டைகள் இருப்பினும், அவற்றைப் பற்றி வாதிட வழக்கறிஞர்களும், வாதாடச் செலவழிக்கப் பணமுள்ள தரப்புகளும் இருக்கின்றன. காவலரின் நிலை வேறு.

ஊதியம் உயர்ந்தது, பாதுகாப்பு நழுவியது:

பணியில் இறக்கும் அல்லது ஊனமுறும் காவலருக்கு இரண்டு வழிகள் உண்டு. தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்தின் (இ.எஸ்.ஐ.) உறுப்பினராக இருந்தால் அதன் பலன், இல்லையேல், முதலாளி தர வேண்டிய இழப்பீடு. இ.எஸ்.ஐ. பலனுக்கு உரியவர் மற்றதைக் கோர முடியாது.

இ.எஸ்.ஐ.யில் சேர்வதற்கான மாத ஊதிய உச்சவரம்பு 2017 ஜனவரியில் ரூ. 21 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. அந்த எண் அப்படியே நிற்க, குறைந்தபட்ச ஊதியம் அகவிலைக்கு ஏற்ப ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே வந்தது. ரயில்வே, துறைமுகம், சுரங்கம், மத்திய அரசு நிறுவனங்கள் போன்ற மத்திய வரம்பிலுள்ள இடங்களுக்கு 2024 அக்டோபர் முதல் நிர்ணயிக்கப்பட்ட விகிதப்படி, பெருநகரங்கள் அடங்கிய "ஏ" பகுதியில் ஆயுதமில்லாத காவலருக்கு நாளொன்றுக்கு ரூ. 954, அதாவது மாதம் ரூ. 24,804. ஆயுதம் ஏந்திய காவலருக்கு நாளொன்றுக்கு ரூ. 1,035, மாதம் ரூ. 26,910.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளைவு விளங்கும். சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்தை ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் தருகிற நேர்மையான ஏஜென்சியின் காவலர், அந்த ஊதியம் காரணமாகவே இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிவிடுகிறார். துப்பாக்கியுடன் நிற்பவர், அதாவது ஆபத்து அதிகமுள்ளவர், இன்னும் தூரத்தில் நிற்கிறார். மத்திய அரசின் ஒரே அமைச்சகம்தான் இரண்டு எண்களையும் கவனிக்கிறது என்பது இதில் வேடிக்கை.

இதனால் ஒரு குடும்பம் இழப்பது என்ன? ரூ. 20 ஆயிரம் ஊதியம் பெற்று, இ.எஸ்.ஐ. உறுப்பினராக இருந்து பணியில் இறந்தவரின் மனைவிக்கும் பிள்ளைக்கும் ஊதியத்தில் ஏறத்தாழ 90 சதவீதம், அதாவது மாதம் சுமார் ரூ. 18 ஆயிரம் கிடைக்கும். மறுமணம் செய்யாதவரை மனைவியின் பங்கு ஆயுளுக்கும் தொடரும். உச்சவரம்பைத் தாண்டியவரின் குடும்பத்துக்கோ ஒரே தவணையில் இழப்பீடு. அதைக் கணக்கிடும்போது, உண்மை ஊதியம் எதுவானாலும், 2020 ஜனவரியில் வெளியான அறிவிக்கைப்படி மாதம் ரூ. 15 ஆயிரம் மட்டுமே ஊதியமாகக் கொள்ளப்படும். அதில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்காரருக்குக் காரணி 184.17, தொகை ரூ. 13,81,275. முதல் குடும்பம் இந்தத் தொகையை ஆறரை ஆண்டுகளுக்குள் மாதாமாதம் வாங்கி முடித்து, அதன் பிறகும் வாங்கிக்கொண்டிருக்கும். கூடுதல் ஊதியம் பெற்றவரின் குடும்பத்துக்கே குறைவு.

அந்தத் தொகையாவது உறுதியா என்றால், அதுவும் இல்லை. முதலாளி இதற்கென பாலிசி எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் இல்லை. காப்பீடு கட்டாயமல்ல என்பதாலேயே, தாமதத்துக்கான வட்டியைத் தர மாட்டோம் என்று காப்பீட்டு நிறுவனம் பாலிசியில் எழுதிக்கொள்ளலாம் என ஹர்ஷத்பாய் மோதியா வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வட்டியை முதலாளி தர வேண்டும். முதலாளியோ சில நேரங்களில் அலுவலகத்தைக் காலி செய்துவிட்டிருப்பார். வேலையை ஒப்படைத்த முதன்மை நிறுவனத்திடம் கேட்க 12-ஆவது பிரிவு இடம் தந்தது. ஆனால் கணவர் எந்த ஏஜென்சி மூலம் எந்த நிறுவனத்தின் வாசலில் நின்றார் என்பதற்கு நியமனக் கடிதம்கூட இல்லாத பெண் அதை எப்படி நிரூபிப்பார்? ஏஜென்சி பாலிசி எடுத்திருந்தாலும், பிரீமியத்தைக் குறைப்பதற்காக ஆள்களின் எண்ணிக்கையையும் ஊதியத்தையும் குறைத்துக் காட்டியிருந்தால் முடிந்தது கதை. பட்டியலில் பெயர் இல்லை என்ற பதிலோடு கோரிக்கை திரும்பி வந்துவிடும்.

எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு மகாராஷ்டிரத்திலிருந்து ஒரு வழக்கு. சர்க்கரை ஆலை ஒன்றின் காவலாளி அவர்; ஏஜென்சி ஊழியர் அல்லர். பணி நேரம் அதிகாலை 3 மணி முதல் காலை 11 மணி வரை. 2003 ஏப்ரல் 22-ஆம் தேதி மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் வழியில், ஆலையிலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில் விபத்தில் இறந்தார். தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் 2009-இல் ரூ. 3,26,140-உம் 12 சதவீத வட்டியும் வழங்க உத்தரவிட்டார். வழியில் நேர்ந்த விபத்து பணியின்போது நேர்ந்தது ஆகாது என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட்டது. 2011-இல் மும்பை உயர் நீதிமன்றம் அதை ஏற்று உத்தரவை ரத்து செய்தது. 2025 ஜூலை 29-இல்தான், நீதிபதிகள் மனோஜ் மிஸ்ரா, கே.வி. விஸ்வநாதன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு ஆணையரின் உத்தரவை மீட்டளித்தது. வேலைக்குச் செல்லும் நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால் அது பணியில் நேர்ந்த விபத்தே என்றது அமர்வு. நள்ளிரவிலும் விடியலிலும் வீட்டிலிருந்து கிளம்பும் காவலர்களுக்கு இது பெரிய வரம்தான். ஆனால் அந்த விதவை காத்திருந்த காலம் 22 ஆண்டுகள்.

குறைந்த விலைக்காரருக்கே ஒப்பந்தம்:

ஏஜென்சிகள் ஏன் முறையாகக் காப்பீடு எடுப்பதில்லை என்பதற்கு விடை ஒப்பந்தப்புள்ளியில் இருக்கிறது. அரசுத் துறைகளும் வங்கிகளும் மிகக் குறைந்த விலை கோருபவருக்கே காவல் பணியை அளிக்கின்றன. ஊதியம், வருங்கால வைப்பு நிதி, சீருடை என எல்லாம் போக, சேவைக் கட்டணம் என்ற சிறு பகுதியில்தான் லாபமும் நிர்வாகச் செலவும் பிரீமியமும் அடங்க வேண்டும். பிரீமியத்தைச் சேர்த்து விலை சொல்பவர் தோற்கிறார், சேர்க்காதவர் வெல்கிறார். அரசே வாடிக்கையாளராக இருக்கும் இடத்தில் இந்தப் பழியை ஏஜென்சிகள் மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. "எங்கள் ஆள்களுக்கு இன்சூரன்ஸ் உண்டு" என்று சிலர் காட்டுவது பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தைத்தான். ஆண்டுக்கு ரூ. 20 பிரீமியத்தில் விபத்து மரணத்துக்கு ரூ. 2 லட்சம் தரும் அத்திட்டத்தில், பிரீமியம் பிடிக்கப்படுவது காவலரின் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து.

2018-இல் பணப் போக்குவரத்துக்கு மட்டும் உள்துறை அமைச்சகம் தனி விதிகளை வெளியிட்டு, 2019 பிப்ரவரி முதல் நடைமுறைப்படுத்தியது. ஒரு வேனில் ரூ. 5 கோடிக்கு மேல் ஏற்றக் கூடாது. நகரங்களில் இரவு 9 மணிக்குப் பிறகு ஏ.டி.எம்.மில் பணம் நிரப்பக் கூடாது. இரண்டு ஆயுதக் காவலர்கள் உடன் செல்ல வேண்டும். வங்கிகள் இப்பணியை ஒப்படைக்கும் நிறுவனத்தின் நிகர மதிப்பு ரூ. 100 கோடியாவது இருக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நிபந்தனை விதித்தது. பணத்தைக் காக்க அரசு எவ்வளவு நுணுக்கமாக யோசிக்கும் என்பதற்கு இவை சான்று.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இ.எஸ்.ஐ. சட்டத்தையும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டன. வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தை அத்தொகுப்பு வெளிப்படையாகவே ஏற்கிறது; நியமனக் கடிதமும் இனி கட்டாயம். இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும், பணிக்கொடைக்காக முதலாளி காப்பீடு எடுக்க வேண்டும் என்று ஒரு பிரிவை வைத்திருக்கும் அதே தொகுப்பு, பணியில் நேரும் மரணத்துக்கான இழப்பீட்டுக்கு அத்தகைய பிரிவை வைக்கவில்லை. ஓய்வுபெறும் காவலருக்குக் கிடைக்கும் உறுதி, சுடப்படும் காவலருக்கு இல்லை.

மாநிலங்களின் கையில்:

இதற்காக நாடாளுமன்றம் மீண்டும் கூட வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, உரிமத்துக்கான நிபந்தனைகளை விதிகள் மூலம் வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளிடம் விட்டிருக்கிறது. காவலர் எண்ணிக்கைக்கு ஏற்ற இழப்பீட்டு பாலிசியும் மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடும் இன்றி உரிமம் புதுப்பிக்கப்படாது என்ற ஒரு விதியைத் தமிழகம் உள்பட எந்த மாநிலமும் கொண்டுவர முடியும். காவலர் பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே ஏஜென்சியின் பதிவேட்டில் இருக்க வேண்டியதுதான். அதையே பாலிசியோடு இணைக்கச் சொன்னால் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும் வழக்கமும் கடினமாகும். சிறு ஏஜென்சிகள் நசிந்துவிடும் என்ற வாதம் எழும். எல்லா ஏஜென்சிகளுக்கும் ஒரே விதி என்றால் அந்தச் செலவு ஒப்பந்தப்புள்ளியின் விலைக்குள் வந்துவிடும். இறுதியில் தர வேண்டியவர் வாடிக்கையாளர்.

மகாராஷ்டிரம் இன்னும் பழைய வழியொன்றை வைத்திருக்கிறது. 1981-ஆம் ஆண்டு அம்மாநிலம் இயற்றிய சட்டப்படி, காவலர்கள் அரசு வாரியத்தில் பதிவு செய்துகொள்கின்றனர். ஆள் தேவைப்படும் நிறுவனம் ஊதியத்தோடு தீர்வையையும் வாரியத்திடம் கட்டுகிறது. அந்தத் தீர்வையிலிருந்து காவலரின் நலப் பலன்கள் வழங்கப்படுகின்றன. விலை குறைக்கும் போட்டிக்கு அங்கு இடமில்லை. வாரியத்தைவிடக் குறையாத பலன் தரும் ஏஜென்சிகளின் காவலர்களுக்கு அச்சட்டத்தின் 23-ஆவது பிரிவின்கீழ் விலக்கு அளிக்கலாம். வாரியக் காவலரும் விலக்கு பெற்ற ஏஜென்சியின் காவலரும் மும்பையில் அடுத்தடுத்த வாசல்களில் நிற்கின்றனர். இருவரில் யாருடைய குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பது, விலக்கு தருகிற அதிகாரி அந்தப் பலன்களின் பட்டியலை எவ்வளவு கவனமாகப் படிக்கிறார் என்பதைப் பொறுத்திருக்கிறது.